ஆடிய ஜெலியும் ஆடாத கடப்பாசியும்

மருதமுனை,
2009 ஒக்டோபர், வெள்ளிக்கிழமை,
அசர் தொழுகைக்குப் பிறகு.

கட்டாரில் வேலை பார்க்கும் அன்புக்குரிய றமீஸ் சாச்சாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பா, உம்மா, நான், கடை, ஏழு கோழிகள் எல்லாரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அங்கே உங்கள் மீதும் உங்கள் அறைக் கூட்டாளிகள் மீதும் வெயில் கொஞ்சம் இரக்கம் காட்டத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறோம். சுகம் விசாரித்தது இத்துடன் முடிந்தது.

ஜெலிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நான் கையை எடுத்த பிறகும் அது ஆடிக்கொண்டே இருந்தது. கோப்பை நின்றுவிட்டது, உள்ளே இருந்தது நிற்கவில்லை. நான் முதலில் கண்டது அதைத்தான். நோன்பு காலத்தில் உம்மா பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சித் தட்டில் ஊற்றுகிற கடப்பாசி அப்படி ஆடாது. வெட்டினால் வெட்டின இடத்தில் வில்லை வில்லையாக மரியாதையாக நிற்கும். நீங்கள் அனுப்பிய ஸ்ட்ரோபரி ஜெலியும் கடப்பாசியைத் தூளாக்கிச் சிவப்பு போட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு கோப்பையைப் பக்கத்து வளவுச் சீதேவியக்காவுக்குக் கொடுத்துவிட்டு வந்து என் கோப்பையை மேசையில் வைத்த பிறகுதான் இந்த ஆட்டத்தைக் கண்டேன். விரலால் தொட்டேன், விரல் சூட்டுக்கே இளகியது. கடப்பாசி வெயிலில் வைத்தாலும் இளகாது சாச்சா.

நான் பக்கட் வாசிக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியாது. போனில் "ஓம்", "இல்ல", "சுகம்" என்ற மூன்றையும் சொல்லிவிட்டு உம்மாவிடம் கொடுத்துவிடுகிறவளிடம் நீங்கள் என்னத்தைத் தெரிந்துகொள்வது? இது சுனாமிக்குப் பிறகு முகாமில் தொடங்கியது. எந்த நாட்டு எழுத்தென்றே தெரியாத டின்களும் பைகளும் லொறி லொறியாக வந்தன. ஒருநாள் வெள்ளையும் ரோசாவுமாகச் சின்னத் தலையணைகள் மாதிரி ஒரு இனிப்பு வந்தது. முகாமில் உள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் இரண்டு கன்னமும் வீங்கிவிட்டது. அதே பெட்டியில் ஒரு ஆங்கிலம் - தமிழ் அகராதியும் வந்தது. அதைத் தின்ன முடியாது என்பதால் யாரும் எடுக்கவில்லை, நான் எடுத்தேன். பள்ளிவாசல் சுவரில் "இந்தச் சொற்கள் இருந்தால் கவனம்" என்று ஒட்டியிருந்த தாளில் முதல் சொல் ஜெலட்டின். இனிப்புப் பையின் பின்பக்கத்திலும் அது இருந்தது. அகராதியைத் திறந்தால் "ஊன்பசை, விலங்குகளின் எலும்பு, தோல் என்பவற்றிலிருந்து பெறப்படுவது" என்று போட்டிருந்தது. எனக்கு யாரிடமும் சொல்ல வெட்கம். உம்மாவின் கையைப் பிடித்திழுத்து அந்த வரியில் விரலை வைத்தேன். உம்மாவுக்கு வெட்கம் என்றால் என்னவென்றே தெரியாது. "எந்த மிருகம் எண்டு போடல்லியேகா! துப்புங்கடா எல்லாரும்!" என்று ஒரு சத்தம் போட்டார். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் துப்பினார்கள். இரண்டு பேர் மட்டும் அவசர அவசரமாக விழுங்கினார்கள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் வேறு ஊரில் பின்னேர வகுப்பாக நடந்தது. புது டீச்சர் ஒவ்வொருவராக எழும்பி நின்று, தண்ணி வந்த அன்று என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார். என் முறை வருவதற்கு முன்பே மணி அடித்துவிட்டது. அடுத்த நாள் நான் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை, என் படிப்பு ஏழாம் வகுப்போடு அப்படியே முடிந்தது. ஆனால் வாசிப்பு முடியவில்லை. வாப்பாவின் கடையில் வாசிப்பதற்கு இவ்வளவு இருக்கும்போது புத்தகம் எதற்கு? சூப் பக்கட்டில் கோழிக் கொழுப்பு இருந்தது. சீஸ் டின்னில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ஒரு சாமான் இருந்தது. ரோசாக் கிறீமின் சிவப்பு, ஒரு பூச்சியைக் காயவைத்து அரைத்த சிவப்பு. சில பிஸ்கட்டில் "கொழுப்பு" என்று மட்டும் இருக்கும், யாருடைய கொழுப்பு என்று சொல்லாமல் மறைத்துவிடுவார்கள். நான் வாசித்து, ஒரு துண்டில் சரி, பிழை, கேள்விக்குறி மூன்றில் ஒன்றைப் போட்டு ஒட்டிவிடுவேன். அப்படிச் செய்தால் வாய் திறக்கத் தேவையில்லை.

இது ஊருக்குத் தெரிந்ததும் பக்கட்டுகள் வீட்டுக்கு வரத் தொடங்கின. கடைசி ஒழுங்கைச் சுஹறா மாமி நூடில்ஸ் கொண்டுவந்தார், பிறகு விற்றமின் குளிசை கொண்டுவந்தார், அதற்கும் பிறகு தன் புருசனின் தலைக் கிறீமைக் கொண்டுவந்தார்.

"இது தின்னுற சாமானா மாமி?" என்று கேட்டார் உம்மா.

"இல்ல நதீரா. ஆனா அவர் பூசிட்டுத் தலையணையில படுக்கிறார். மறுகா அதே தலையணையில நான் வாயத் திறந்துட்டுத் தூங்குறன். புள்ளைக்கிட்டக் கேட்டுச் சொல்லுகா."

கேள்விக்குறி போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த மாமாவுக்குத் தனித் தலையணை என்று கேள்வி.

வாப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. கடையில் பாதிச் சாமானுக்கு மேல் கேள்விக்குறி. "மகள், நீ வாசிக்கிற வாசிப்புக்கு நான் இனி உப்பும் தேங்காயும்தான் விக்கணும்" என்றார். பிறகு ஹலால் முத்திரை போட்ட சாமான்கள் வரத் தொடங்கின. வாப்பா அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார்: முன்பக்கம் முத்திரை இருந்தால் பின்பக்கம் திருப்பக் கூடாது. எனக்கும் அது நல்ல ஓய்வாக இருந்தது. சாச்சா, எல்லாப் பிழையும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

சீதேவியக்காவைப் பற்றி நான் சொல்லவில்லை. முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கூடாரம். இப்போது மருதமுனையின் கடைசி வீடு எங்களுடையது, பாண்டிருப்பின் முதல் வீடு அவருடையது. நடுவில் நிவாரணத்துக்கு வந்த தகரத்தால் ஒரு வேலி, அந்த வேலியில் தலை நீட்டுகிற அளவுக்கு ஒரு இடைவெளி. புருசன் பிரகாஸ் மச்சான் கடலுக்குப் போகிறவர். அக்கா எங்கள் வீட்டுக்கு என்று ஒரு சட்டி தனியாக வாங்கி வைத்திருக்கிறார் சாச்சா. அவர்கள் வீட்டில் எதைச் சமைத்தாலும் அந்தச் சட்டிக்குள் போகாது. எங்களுக்குக் கொடுப்பது மட்டும்தான் அதில் சமைப்பார். ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கினாலும் உடைக்காமல் கொண்டுவந்து, "ஸப்னா, உங்களுக்கு ஏலுமா எண்டு பாத்துச் சொல்லுகா, மறுகா உடைப்பம்" என்பார். நான் சரி போட்ட பிறகுதான் எங்களுக்கும் ஒரு தட்டு வரும். எங்கள் வீட்டுச் சட்டம் எங்களை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்படிப்பட்டவருக்கு இது கந்தசஷ்டி விரதம். பிள்ளை வேண்டும் என்று ஆறு வருசம் விடாமல் பிடிப்பதாக நேர்ந்திருக்கிறார். ஒரு வருசம் தவறினாலும் திரும்ப முதலில் இருந்து. முதல் வருசம் பிடித்து ஒன்றரை மாதத்தில் தண்ணி வந்து வீட்டையும் வள்ளத்தையும் கொண்டுபோனது. இரண்டாம் வருசம் கூடாரத்தில் பிடித்தார். மூன்றாம் வருசம் ஊரடங்குக்குள் பிடித்தார், அந்த வருசம் கோயில் மணிச் சத்தத்தைவிட வெடிச் சத்தம்தான் கூடக் கேட்டது. நாலாம் வருசம் மகள் விதுசா கைப்பிள்ளை. நேர்த்தி பலித்துவிட்டது, இனி விட்டால் என்ன என்று கேட்டதற்கு, "வாங்கினதுக்குப் பிறகு வாக்கு மாறேலுமா?" என்றாராம். இது ஆறாம் வருசம். சண்டை முடிந்து, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டாமல் அவர் கோயிலுக்குப் போகிற முதல் வருசமும் இதுதான். இன்றைக்கு ஐந்தாம் நாள். நாளைக்கு முடிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, மத்தியானப் பூசைக்குப் பிறகு பாலும் பழமும் மட்டும்.

ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம் நான் வேலி இடைவெளியால் ஜெலிக் கோப்பையை நீட்டினேன். வெறும் பாலையும் பழத்தையும் தின்று மெலிந்துவிட்டார், இது சீனித் தண்ணீர்தானே என்ற நினைப்பு. அவர் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டார்:

"மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லியே புள்ள?"

"முத்திரை இரிக்கிக்கா."

நான் ஒரு நாளைக்கு ஏழெட்டு வசனம்தான் கதைப்பேன். அதில் ஒன்றை இப்படிச் செலவழித்தேன்.

அவர் முகம் மலர்ந்து, "நீ சொன்னாச் சரி" என்றார். நான் வீட்டுக்கு வந்தேன், என் கோப்பை ஆடியது, குப்பைக் கூடைக்குள் இருந்து பக்கட்டை எடுத்துத் திருப்பினேன். ஜெலட்டின், பக்கத்தில் இன்னொரு சொல். அகராதியில் பார்த்தேன். "மாட்டினம் சார்ந்த." ஹலாலாக அறுத்த மாடு சாச்சா, முத்திரை பொய் சொல்லவில்லை. எங்களுக்குச் சரி என்று அது சொன்னது. சீதேவியக்காவுக்குச் சரி என்று அது எந்த இடத்திலும் சொல்லவில்லை. அதைச் சொன்னது நான்.

ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று வேலிக்குப் போனால், அதற்கு முதல் பிரகாஸ் மச்சானின் கை இடைவெளியால் வந்துவிட்டது. கையில் கழுவின கோப்பை. எங்கள் பக்கத்தில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், அதற்குள் இரண்டு வாழைப்பழம். "ஒரு சொட்டும் மிச்சமில்ல தங்கச்சி" என்றார். வாழைப்பழத்தோடு திரும்பி வந்தேன். ஐந்து வருசமும் ஐந்து நாளும் என் கையில் இரண்டு வாழைப்பழமாக இருந்தது.

உம்மாவிடம் சொன்னேன். "தெரியாமத் திண்டாக் குத்தமில்லகா. சொல்லித்தான் குத்தமாக்கப் போறியா? வாயப் பொத்திட்டு இரி, உனக்கு அது நல்லா வருமே" என்றார். கடைக்குப் போய் வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா தராசில் பருப்பைக் கொட்டினபடி, "எங்களுக்கு எண்டாத் தெரியாமத் திண்டா மன்னிப்பு இரிக்கி. வேலிக்கு அங்கால என்ன சட்டமோ எனக்குத் தெரியா. அந்த மனிசி உங்கட உம்மாக்கு ஒரு பிஸ்கட்ட உடைக்க முதல் கேக்கிறவ. நீ போய்ச் சொல்லத்தான் வேணும்" என்றார். "நீங்க சொல்லுங்களன் வாப்பா" என்றேன். "கடைய விட்டுட்டு எப்பிடி வாற?" என்றார். கடையில் அப்போது ஒரு கோழி மட்டும்தான் நின்றது.

ஆகவே சாச்சா, எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதம் உங்களிடம் வந்து உங்கள் பதில் இங்கே வருவதற்குள் சஷ்டி முடிந்து தீபம் அணைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்: நாளைக்கு அவர் நேர்த்தி முடித்துத் தேங்காய் உடைக்கும்போது, அது முடியவில்லை என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் நான் அவர் முகத்தைப் பார்க்கலாமா? அவர் அந்தத் தனிச் சட்டியில் சமைத்துக் கொடுப்பதைத் தின்னலாமா? இனிமேல் ஜெலி அனுப்பாதீர்கள். இனிப்பே அனுப்பாதீர்கள். தின்னுகிற சாமான் எதையும் அனுப்பாதீர்கள். உம்மா பக்கத்தில் இருந்து, "சவுக்காரம் நல்ல வாசம், இன்னும் ஆறு கட்டி அனுப்பச் சொல்லி எழுதுகா" என்கிறார். சவுக்காரத்திலும் கொழுப்பு இருக்கிறது உம்மா என்றேன். "எழுதுகா, கதைக்காத" என்கிறார்.

உங்கள் கைவேலையிலும் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். வாப்பாவின் சலாமும், உம்மாவின் சலாமும் சவுக்காரமும் இதில் அடங்கும்.

இப்படிக்கு,
இனிமேல் பக்கட் வாசிக்க மாட்டாத,
ஸப்னா.

பி.கு.: சாச்சா, உறைக்குப் பசை தடவ முதல் இதையும் எழுதுகிறேன். மேலே உள்ளதில் சலாமையும் சவுக்காரத்தையும் தவிர மற்றதை எல்லாம் விட்டுவிடுங்கள்.

கடிதத்தை மடிக்கும்போது, நான் உங்களிடம் கேட்ட கேள்விக்கு நானே பதில் எழுதியிருப்பது போல இருந்தது. அகராதியை எடுத்துக்கொண்டு வேலி இடைவெளியால் நுழைந்து போனேன். சீதேவியக்கா பின்னேரப் பூசைக்குப் பூத் தட்டோடு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். நான் அகராதியைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்து நீட்டினேன். அவர் தட்டை வைத்துவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"மாட்டினம் சார்ந்த… என்னகா இது? விரதகாரிய மாடு எண்டு சொல்லவா வேலி தாண்டி வந்த நீ?"

அதற்குப் பிறகு கதைக்காமல் இருக்க முடியவில்லை. முத்திரை, பின்பக்கம், ஊன்பசை, ஆட்டம், வாப்பாவின் சட்டம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். என் குரல் அவ்வளவு நீளம் என்று எனக்கே தெரியாது. அக்கா படியில் குந்திவிட்டார். பிரகாஸ் மச்சான் வலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார். அக்கா கேட்டார்:

"நான் அதத் திண்ட எண்டு உனக்கு ஆரு சொன்ன?"

"கோப்பை… ஒரு சொட்டும் மிச்சமில்ல எண்டு மச்சான்…"

அப்போது உள்ளேயிருந்து விதுசா வந்தாள். வாய் சிவப்பு, மூக்கு சிவப்பு, சட்டையில் வயிறு வரைக்கும் சிவப்பு. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டி, "ஆடுறது! ஆடுறது தா!" என்றாள்.

"ரெண்டு வயசுப் புள்ள இரிக்கிற வீட்டில ஆருகா தாய் இதெல்லாம் தின்னுற?" என்றார் அக்கா. "எனக்குத் தந்த நீ சரி, அது என்ட வாய்க்கு வந்து சேரும் எண்டு எப்பிடி நினைச்ச நீ?"

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா சிரித்தார். பிறகு பிள்ளையின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தார், தேவையை விடக் கொஞ்சம் கூட நேரம் துடைத்தார். "இவ விரதமில்ல, குழந்தை, கணக்கில்ல. ஆனா மாடு எங்களுக்கு இனி வேணாங்கா" என்றார். ஓம் என்றேன். "வந்து சொன்ன நீதானே. அது போதும்."

பிரகாஸ் மச்சான் தலையைச் சொறிந்தபடி, "நான் கோப்பைய வழிச்ச மட்டும்தான்" என்றார்.

"உங்களுக்கு என்ன விரதம் கெடுறதுக்கு இரிக்கி? வீட்டில சைவம், வள்ளத்தில பொரிச்ச சூடை மீன். அஞ்சு நாளா உடுப்புத் தோய்க்கிறது நான். எனக்கு மணக்காதா?"

மச்சான் வலையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். கதையை மாற்ற என்னிடம், "அப்ப நீங்க நோம்புக்குக் காய்ச்சிறீங்களே தங்கச்சி, அது என்ன?" என்று கேட்டார்.

"கடப்பாசி. கடல்ல விளையிற பாசி மச்சான்."

"கடல்லயா? அப்ப செதில் இரிக்கா எண்டு பாத்துச் சொல்லு, இவவுக்கு ஏலாமப் போயிடும்."

விதுசா என் பாவாடையைப் பிடித்து இழுத்து ஆடுறது, ஆடுறது என்று அழத் தொடங்கினாள். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன், அது ஆடாது என்பதைச் சொல்லவில்லை. அக்கா பூத் தட்டைத் தூக்கினார். "நாளைக்குப் பூசை முடிஞ்சு வருவன். எனக்கும் ஒரு துண்டு வை. இந்தத் தடவ ஒளிச்சு வச்சு நானே தின்னுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வீட்டுக்கு வந்து, அலுமாரியில் நோன்புக்கு வாங்கி மிஞ்சியிருந்த கடப்பாசிப் பக்கட்டை எடுத்தேன். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.